பதினாறாம் தேதி டூட்டி

இந்த ஆகஸ்டில் இரண்டு ராத்திரியாவது மனிதனாக வாழ்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பகலில் நான் அரசு ஊழியன். பெயர் நெடுமாறன். வயது ஐம்பத்தைந்து. காரைக்காலில் ஒரு இலாகாவில் மேல்நிலை எழுத்தர். மாலையில் நான் கணவன். ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் தெரு அணைந்துவிடும்; நானும் கூடவே அணைந்துவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் நடக்கிறது.

எனக்கும் ஒரு காலம் இருந்தது ஐயா. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் என்னைப் பாண்டிச்சேரி ஹெட் குவார்ட்டர்ஸில் போட்டிருந்தார்கள். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அறை நண்பர்களோடு கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன். வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிவரை நடை. ஒரு பக்கம் வெள்ளைக் கட்டடங்கள், மறுபக்கம் கறுப்புப் பாறையில் அலை. சுண்டல்காரர் பொட்டலம் மடிக்கும் அழகே தனி. பதினொரு மணிக்கும் குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் கொட்டாவி விடமாட்டார்கள். அந்தச் சாலையில் நடந்த நெடுமாறன் மெலிந்தவன், முடி உள்ளவன், பாடக்கூடியவன். அவனை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

நீங்கள் கண்ணடிக்கக் கூடாது. பாண்டிச்சேரி என்றதும் கண்ணடிப்பது வெளியூர்க்காரர்கள் வழக்கம். பாட்டிலுக்காக நாங்கள் அங்கே போக வேண்டியதில்லை. பாட்டிலுக்காக நாலு மாவட்டம் எங்கள் ஊருக்கு வருகிறது. நான் ஏங்கியது வெறும் நடைக்கு.

ஏக்கத்துக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர் கிடைத்தார்கள். முதலாமவர் நாகூர் மீரான், கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

"இருபது வருஷம் துபாய்ல இருந்தேன் மாறன்" என்றார். "ராத்திரி வெளிய போனது ரெண்டே தடவை. ரெண்டும் ஏர்போர்ட்டுக்கு."

இரண்டாமவன் செல்லையன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிக்கு எடை போடுகிறவன். "எனக்கு ராத்திரின்னா லாரி லைட்டு, இருமல். வேற ராத்திரி உண்டுங்கிறதே நீ சொல்லித்தான் தெரியும்" என்றான்.

மூன்று பேரும் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கினோம். 'அந்தி அணி' என்று பெயர் வைத்தோம். இனி தேதிதான் பாக்கி.

தேதி விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வெள்ளைக்காரன் போனதற்கு எல்லாரையும்போல ஒரு லீவு. பிரெஞ்சுக்காரன் போனதற்குத் தனியாக இரண்டு லீவு. நவம்பர் ஒன்று அவன் கிளம்பிய நாள், ஆகஸ்ட் பதினாறு சட்டப்படி ஒப்படைத்த நாள். போனவன் எல்லாம் லீவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த வருஷம் பதினைந்து வியாழன், பதினாறு வெள்ளி. பதினைந்து காலை கொடியேற்றிவிட்டுக் கிளம்பினால் இரண்டு முழு ராத்திரி, சனிக்கிழமை வீடு. பஞ்சாங்கம் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். பெயர் எழில்மதி. என் மனைவி.

எழில் தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் தமிழ்நாடு. தினமும் காலையில் அவள் பஸ் ஏறி வேறு மாநிலத்துக்குப் போய், சாயங்காலம் என் மாநிலத்துக்குத் திரும்பி வருகிறாள். அதனால் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர். ஒன்று அவள் அரசாங்கம், ஒன்று என் அரசாங்கம். எனக்குச் சிவப்பாக இருக்கும் நாள் அவளுக்குக் கறுப்பு. அவளுக்கு மே மாதம் முழுக்கச் சிவப்பு, எனக்கு அது முழுக்கத் தணிக்கை. இரண்டிலும் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சிவப்பாக இருப்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அன்றைக்கு அவளுக்கு அடுப்படியில் டூட்டி.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. பெண் பார்க்கப் போனபோது தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். நாலரை நிமிஷம் நான் அந்தக் கடற்கரைச் சாலையைப் பற்றியே பேசினேன். மிச்சம் அரை நிமிஷத்தில், "உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைகள் மாட்டிக்கொள்வது எப்போதும் அந்த அரை நிமிஷத்தில்தான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் புதுக் காலண்டர்கள் வந்ததும் எழில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, விரலால் தேதி தேதியாகத் தடவிப் பார்ப்பாள்.

"ஏங்க, இந்த வருஷமாவது?"

"பாப்போம்."

அத்துடன் அந்த வருஷம் முடிந்துவிடும். அவள் அதற்கு மேல் கேட்டதில்லை, நானும் அதற்கு மேல் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவளிடம் நண்பர்களோடு போகிறேன் என்று சொல்ல முடியுமா? டூட்டி என்று சொல்வதாக முடிவு செய்தேன். கணவனின் பொய்களில் டூட்டிதான் மிகவும் கௌரவமானது. வெள்ளை வேட்டிபோல, யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

"எழிலு, பதினஞ்சு, பதினாறு ரெண்டு நாளும் எனக்கு ஹெட் குவார்ட்டர்ஸ்ல டூட்டி."

"அப்படியாங்க?"

"பதினஞ்சு கொடியேத்தற ஏற்பாடு. பதினாறு ரிவ்யூ மீட்டிங்."

"பதினாறுமா?"

"அன்னைக்குத்தான் முக்கியமான மீட்டிங்கே."

அவளுடைய தமிழ்நாட்டுக் காலண்டரில் பதினாறு கறுப்பு. வேலை நாள் என்றால் வேலை நாள்தான். என்னுடைய காலண்டரில் மட்டும் அது ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. முன்னெச்சரிக்கையாக என் ஈரத் துண்டை அந்தக் காலண்டர் ஆணியிலேயே மாட்டிவைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பொறாமையாக இருந்தது.

பிறகு ராத்திரிகளைத் திட்டமிட்டேன். வெறுமனே போய் நின்றால் இன்பம் வராது. இன்பத்துக்கும் கோப்பு வேண்டும். ஆபீஸ் தாளில் நிமிஷம் நிமிஷமாக எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். மூளையைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

"ஏங்க, பையில இது என்ன தாளு?"

"எந்தத் தாளு?"

"'முதல் இரவு: மூவர்'னு எழுதியிருக்கு."

"டூட்டி ரோஸ்டர்! நைட் டூட்டி! முதல் நாள் ராத்திரி, மூணு பேரு!"

"'ஏழு மணி. கடற்கரைச் சாலை. வடக்கேருந்து தெற்கே நடக்க வேண்டும். பேசக் கூடாது.' இது என்னங்க டூட்டி?"

"பாதுகாப்பு ஆய்வு. பேசிக்கிட்டே நடந்தா கவனம் சிதறும்."

"'எட்டேகால். பாறை எதிரில் உட்கார்ந்து சுண்டல்.'"

"உணவுத் தரப் பரிசோதனை."

"'ஒன்பது மணி. பழைய கலங்கரை விளக்கம். மீரான் பாட வேண்டும். செல்லையன் சிரிக்கக் கூடாது.' மீரான் அண்ணன் எப்ப கவர்மெண்டுல சேந்தாரு?"

"அது... பொதுமக்கள் பங்கேற்பு."

எழில் தாளை நாலாக மடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய துண்டைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

என் மனைவி சண்டை போட்டால் நான் பயப்படமாட்டேன். 'சரிங்க' என்றால் பயப்பட வேண்டும். அன்றைக்கு என்னவோ, பயப்பட மறந்துபோனேன்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது, சிவப்பு மையில் திருத்தப்பட்டு. ஆசிரியை கையில் தாள் கிடைத்தால் சும்மா விடுவாளா? 'கழிப்பறை எங்கே? குறிப்பிடவில்லை.' 'மழை வந்தால் எங்கே ஒதுங்குவது?' 'விடுதி பஸ் ஸ்டாண்டு ஓரம் வேண்டாம். நல்ல இடமாகப் பார்க்கவும்.' 'மூவரில் ஒருவருக்கு முழங்கால் வலி என்றால் நடுவில் உட்கார இடம்?' கீழே பத்துக்கு ஆறு.

எங்கள் மூன்று பேரில் யாருக்கும் முழங்கால் வலி கிடையாது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பத்துக்கு ஆறு என்பது உறுத்தியது. பள்ளிக்கூடத்திலேயே நான் ஏழுக்குக் குறைந்ததில்லை.

பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டேன். கழிப்பறைகளைக் குறித்தேன். நிழற்குடைகளைக் குறித்தேன். எந்தெந்த இடத்தில் சாய்மானமுள்ள பெஞ்சு இருக்கிறது என்று கேட்டு எழுதினேன். கௌரவமான தெருவில் அறை பிடித்தேன். இரண்டாம் இரவுக்கு போலீஸ் பேண்டு வாசிக்கும் இடத்தையும், நல்ல இடியாப்பம் கிடைக்கும் கடையையும் சேர்த்தேன். அஜ்மீர் என்கிற டிரைவரின் காரைப் பேசி முடித்து, "ஆபீஸ் கார்" என்று வீட்டில் அறிவித்தேன். இந்தத் தடவை பத்துக்கு ஒன்பது. கையெழுத்துக்காக ஒன்று குறைத்திருந்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்றாள். "யாரு கையில கொடுத்தாலும் போயிட்டு வந்துடலாம்."

பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாலாம் தேதி மாலை நாலரை மணி. எங்கள் சூப்பிரண்டு நஜீபா மேடம் என்னைக் கூப்பிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம்.

"மாறன் சார், உங்க மிஸஸ் போன் பண்ணாங்க."

"எ... எதுக்கு மேடம்?"

"உங்களுக்கு முதுகு வலியாமே. ஹெட் குவார்ட்டர்ஸ் டூட்டிக்கு நாலு மணி நேரம் கார்ல போக முடியாது, பதிலா இங்கயே ஏதாவது டூட்டி போட்டுடுங்கன்னு ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முதுகு வலி இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் பாண்டிச்சேரிக்குப் போகலாம். எந்த டூட்டிக்கு என்று மேடம் கேட்பார். வாயை மூடிக்கொண்டேன்.

"ஹெட் குவார்ட்டர்ஸ் டூட்டின்னு எனக்கு ஒண்ணும் தகவல் இல்ல. அதை விடுங்க" என்றார் மேடம். "நாளைக்கு பீச்ல கொடியேத்தறாங்க. நானூறு நாற்காலி. அதுக்கு நீங்க பொறுப்பு. லாரி பதினாறாம் தேதிதான் வருமாம், அதுவரைக்கும் நாற்காலி பத்திரம்."

உலகத்துச் சனியையெல்லாம் திருநள்ளாற்றில் கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். இறக்கி வைத்ததெல்லாம் எங்கே போகும்? நடந்து போகிற தூரத்தில் நான்தான் இருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்தேன். எழில் என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. என் காலண்டரில் பதினாறு பளிச்சென்று சிவந்து நின்றது.

"எழிலு... எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா கொடியில துண்டு காயப்போடத் தெரியாதவரு, காலண்டர் ஆணியில போட்டா தெரியாதாங்க? அந்தக் காலண்டரை உங்களவிட நான்தான் அதிகமாப் பாத்திருக்கேன்."

"மீரான்கிட்ட கேட்டியா?"

"எதுக்கு? பாண்டிச்சேரிக்கு ஜவுளி எடுக்கப் போறேன்னு அவரு பஹீமாகிட்ட சொன்னாராம். ஈரோட்டை எப்பங்க கடலோரத்துக்கு மாத்துனாங்கன்னு அவ என்கிட்ட வந்து கேக்கறா. செல்லையன் அண்ணன் பூவாயிகிட்ட பொய்யே சொல்லல பாவம். கேட்டா, சொல்லிட்டாரு."

"சரி, அப்ப காரு? ரூமு?"

"வீணாப் போகலாங்களா? டூட்டியை யாராவது பாக்கணும்ல. நானும் பஹீமாவும் பூவாயியும் போறோம். நாளைக்கு ஸ்கூல்ல கொடியேத்திட்டு வாசல்ல நிப்பேன். அஜ்மீர் அங்க வந்து என்னை ஏத்திக்கறேன்னு சொல்லிட்டாரு."

பஹீமா மீரானின் மனைவி, பூவாயி செல்லையனின் மனைவி. பூவாயிக்குத்தான் முழங்கால் வலி. நெரவியில் நாற்று நட்டு நட்டு வந்த வலி. அவளுக்காகத்தான் நான் பெஞ்சு பெஞ்சாகத் தேடியிருக்கிறேன்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "வெள்ளிக்கிழமை உனக்கு ஸ்கூல் உண்டே!"

எழில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"சி.எல். எழுதிக் கொடுத்தேங்க. நாலே வரி. ஹெட்மாஸ்டர் என்னன்னுகூடக் கேக்கல, கையெழுத்துப் போட்டுட்டாரு. வருஷா வருஷம் உங்களுக்குப் பதினாறாம் தேதி லீவு இருந்துச்சு. எனக்கு அந்த நாலு வரி இருந்துச்சு. காலண்டர்தான் குறுக்க நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

நான் சுவரில் சிவந்து நின்ற பதினாறைப் பார்த்தேன்.

"நீங்களாவது கேட்டிருக்கலாம்" என்றாள். "மூவர்னு எழுதறப்ப ஒரு தடவை என் நெனப்பு வந்திருக்கலாம்." சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினைந்தாம் தேதி கொடி ஏறியது. இனிப்பு கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. நானூறு நாற்காலிகளை அடுக்கிவிட்டு அவற்றுக்குக் காவலாக நான் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு 'அந்தி அணி' குழுவில் ஒரு படம் வந்தது. சீர்காழி தாண்டி ஒரு காரின் பின் இருக்கையில் மூன்று பெண்கள், மூன்று கறுப்புக் கண்ணாடி. குழுவில் அவர்களை யார் சேர்த்தார்கள் என்று பார்த்தேன். செல்லையன். பூவாயி கேட்டிருக்கிறாள், சேர்த்துவிட்டான்.

மாலை ஆறரைக்கு மீரான் கடையை அடைத்துவிட்டு வந்தார். கையில் சுண்டல் பொட்டலம். பின்னாலேயே செல்லையன் இருமிக்கொண்டு வந்தான்.

"சோறு வடிச்சு வச்சிருக்காளாம், குழம்பு ஃபிரிட்ஜ்ல இருக்காம்" என்றார் மீரான். "நாங்க பேசுன கார் எங்கடின்னேன். டூட்டிக்குப் போகுதுங்கறா."

செல்லையன் கடலைப் பார்த்தான். "ஏன் மாறா, இதுவும் கடல்தான?"

எனக்குத் திட்டம் மனப்பாடம். ஏழு மணி அடித்ததும் எழுந்தோம். காரைக்கால் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்கே நடந்தோம், பேசாமல். இரண்டு குடும்பங்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. மாங்காய் விற்பவர் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கு சுற்றிச் சுற்றி எங்களையே எண்ணியது. இதே நேரத்தில் வடக்கே இதே கடலோரம் எழில் நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். மெலிந்த நெடுமாறனைத் தேடிக்கொண்டுதான் இந்த டூட்டியெல்லாம் கிளப்பினேன். அவன் இப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. பெண் பார்த்த அன்று, ஐந்து நிமிஷமும் வாயைத் திறக்காமல், கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் வந்தாள். அவள் பக்கத்தில் நடக்க வேண்டும்போல் இருந்தது. வலித்தது.

திரும்பி வந்து மூன்று அரசு நாற்காலிகளை இறக்கிப் போட்டு உட்கார்ந்தோம். சுண்டலைப் பிரிக்கும்போது போன் அடித்தது. வீடியோ கால். எழில்.

காற்றில் முடி பறந்தது. பின்னால் வெள்ளைக் கட்டடம் முழுக்க மூவர்ண விளக்கு. அதற்கும் பின்னால் அலை.

"ஏங்க, தெரியுதுங்களா?"

"தெரியுது எழிலு."

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்ல, அப்படியேதான் இருக்கு. பொய் சொல்லல நீங்க." போனைக் கடல் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பேசக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க. நாங்க மூணு பேரும் பேசாமத்தான் நடந்தோம்."

"பூவாயியா? பேசாமயா?" என்று எட்டிப் பார்த்தான் செல்லையன்.

"பாதி ரோடு வரைக்கும். அப்புறம் பஹீமா அழுதா. அவரு அங்க துபாய்ல கெடந்தாரு, நான் இங்க கெடந்தேன், யாரு என்னத்தைக் கண்டோம்னு அழுதா. அப்புறம் நாங்களும் அழுதோம். அப்புறம் பூவாயி பாடுனா, எல்லாரும் சிரிச்சோம். அது ரோஸ்டர்ல இல்லீங்க."

மீரான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுண்டலில் தேங்காய் தேடினார்.

நான் போனை எடுத்துக்கொண்டு நாற்காலி அடுக்குக்குப் பின்னால் போனேன். "எழிலு" என்றேன். "நான் பண்ணது தப்பு. மூவர்னு எழுதியிருக்கக் கூடாது. இருவர்னு எழுதியிருக்கணும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாலயே எழுதியிருக்கணும்."

திரையில் அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அது அவள் பக்கத்து அலையா என் பக்கத்து அலையா என்று தெரியவில்லை.

"அடுத்த வருஷம் பதினஞ்சு வெள்ளிக்கிழமைங்க" என்றாள் மெதுவாக. "பதினாறு சனிக்கிழமை. உங்களுக்கும் லீவு, எனக்கும் லீவு. நான் போன வாரமே எண்ணிப் பாத்துட்டேன்."

போன வாரமே! தாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த அதே வாரம். என் நெஞ்சு நிரம்பிவிட்டது. ரோஸ்டர் புதிதாக மனதில் ஓடியது. ஏழு மணி, வடக்கிலிருந்து தெற்கு, இருவர், கையைப் பிடித்துக்கொண்டு.

"போறோம்!" என்றேன். நாற்காலிகள் அதிர்ந்தன. "நீயும் நானும் மட்டும். இந்தத் தடவை சத்தியமா! என்ன சொல்றே?"

எழில் அழகாகச் சிரித்தாள்.

"பாப்போம்" என்றாள்.